முட்டி வலி, விரல் மரத்துப்போதல்: பிரேமை மாற்றணுமா, சீட்டை மாற்றணுமா?

தாம்பரம்_எக்ஸ்பிரஸ்:
எல்லாருக்கும் வணக்கம். ஹைப்ரிட் சைக்கிளிலிருந்து ரோடு பைக்குக்கு (குனிந்து ஓட்டும் ரேஸ் வகை சைக்கிள்) மாறி சில மாதங்கள் ஆகின்றன. உயரம் 167 செ.மீ., கடையில் கொடுத்தது 54 அளவு பிரேம். வார நாளில் வீட்டைச் சுற்றிச் சின்ன ரவுண்டு, ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் மாமல்லபுரம் வரை. முட்டுக்காடு பாலம் தாண்டுவதற்குள் விரல் மரத்துவிடுகிறது. திரும்பி வரும்போது முட்டி வலி பிடித்துக்கொள்கிறது, மறுநாள் மாடிப்படி இறங்கும்போது நன்றாகவே தெரிகிறது.

கடையில் போய்ச் சொன்னேன். ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளி, மூக்கைக் கீழே சாய்த்துக் கொடுத்தார்கள். கூடவே ஜெல் கிளவுசும் சீட் கவரும் என் தலையில் கட்டினார்கள். இப்போது கை முன்பைவிடச் சீக்கிரம் மரக்கிறது. பிரேம் பெரிசு, விற்றுவிட்டு 52 வாங்கு என்கிறான் நண்பன். விற்கத்தான் வேண்டுமா?

சக்கரம்79:
தம்பி, எங்கள் அப்பா 24 இஞ்ச் சைக்கிளில் பின்னால் நெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரிலிருந்து மில்லுக்குப் போய் வந்தவர். யாரும் அவரை அளந்து பார்க்கவில்லை. நாங்கள் எல்லாம் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல் அடித்தே கற்றுக்கொண்டோம். ஓட்ட ஓட்ட உடம்பு பழகிவிடும். உடம்பை அளந்து வண்டியைப் பொருத்தும் இந்த ஃபிட்டிங் எல்லாம் காசு பிடுங்கும் வேலை.

மதுரை_பிசியோ:
விற்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். சில கேள்விகள். மரத்துப்போவது எந்த விரல்கள்? முட்டியில் வலி முன்பக்கமா, பின்பக்கமா, வெளிப்பக்கமா? பெடல் கீழே இருக்கும்போது உங்கள் கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது? யாரையாவது பக்கவாட்டில் நிற்கவைத்து மொபைலில் வீடியோ எடுங்கள். வண்டியை நிறுத்தி வைத்து மிதிக்கும் டிரெயினர் ஸ்டாண்ட் இல்லையென்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றினாலும் போதும்.

தாம்பரம்_எக்ஸ்பிரஸ்:
நன்றி மேடம். மரப்பது சுண்டுவிரலும் மோதிர விரலும்தான், இரண்டு கையிலும். வலி முட்டிச் சில்லுக்கு அடியில், முன்பக்கம். வீடியோவில் பார்த்தால் பெடல் கீழே வந்த பிறகும் முட்டி நன்றாக மடங்கியே இருக்கிறது. சீட்டை ஏற்றாததற்குக் காரணம் உண்டு. பல்லாவரம், குரோம்பேட்டை சிக்னல்களில் நின்று நின்று போகவேண்டும். இரண்டு காலும் தரையில் பட்டால்தான் தைரியமாக இருக்கிறது.

மதுரை_பிசியோ:
நினைத்தேன். என்னிடம் முட்டி வலி என்று வரும் பள்ளிப் பிள்ளைகளில் சைக்கிளில் வருகிறவர்களையும் இதே கதையாகத்தான் பார்க்கிறேன். அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளில் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருப்பார்கள். கேட்டால் "கால் எட்டணும்ல மேடம்" என்பார்கள்.

சீட்டு தாழ்வாக இருந்தால், பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்கும். அந்த மடக்கத்தில் பலம் கொடுத்து மிதித்தால் முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுந்தும். ஒரு மணி நேரத்தில் சில ஆயிரம் தடவை அது நடக்கிறது. முன்பக்க வலிக்கு முதலில் சந்தேகப்படவேண்டியது தாழ்ந்த சீட்டை. அடுத்து, பெரிய கியரில் மெதுவாக அமுக்கி மிதிக்கும் பழக்கத்தை. முட்டிக்குப் பின்னால் வலி என்றால் பெரும்பாலும் நேர்மாறு: சீட்டு உயரம், இல்லையென்றால் ரொம்பப் பின்னால். வெளிப்பக்க வலி வேறு கணக்கு, அதில் ஷூவுக்கு அடியில் இருந்து பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

சுண்டுவிரல், மோதிர விரல் என்றால் அல்நார் நரம்பு. அது உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாகத் தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. உங்கள் உடம்பின் எடை அந்த இடத்தில் இறங்குகிறது. ஜெல் கிளவுசால் எடை குறையாது. ஒரு விஷயம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: தொடை இடுக்கில், உறுப்பில் மரப்பு இருக்கிறதா? இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை நீண்ட தூரம் வேண்டாம்.

தாம்பரம்_எக்ஸ்பிரஸ்:
அது இல்லை மேடம். கையும் முட்டியும் மட்டும்தான்.

ஸ்போக்கு:
இப்போதுதான் இழையைப் பார்த்தேன். கடைக்காரர் செய்ததில்தான் விஷயம் இருக்கிறது.

உடம்பு சைக்கிளைத் தொடுவது பெடல், சீட்டு, ஹேண்டில்பார் ஆகிய மூன்று இடங்களில். இதில் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுற்றும் அச்சு பிரேமோடு சேர்ந்தது, நகராது. அதனால் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். அச்சுக்கு ஏற்றபடி சீட்டின் உயரமும் முன்பின்னும். சீட்டு முடிவான பிறகு அதற்கு ஏற்றபடி ஹேண்டில்பார். உங்கள் கடையில் ஹேண்டில்பாரை அசைக்காமல் வைத்துக்கொண்டு சீட்டை அதன் பக்கம் இழுத்திருக்கிறார்கள். கை எட்டிவிட்டது. ஆனால் இடுப்பு முன்னால் போனதால் உங்கள் எடையும் முன்னால் போய்விட்டது. போதாக்குறைக்கு மூக்கைச் சாய்த்ததில், நீங்கள் மிதிக்க மிதிக்க முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள். வழுக்காமல் உங்களைப் பின்னால் தள்ளிப் பிடிப்பது யார்? அந்த இரண்டு உள்ளங்கையும்தான். மரக்காமல் என்ன செய்யும்.

ஒரு சோதனை. ஆளில்லாத சமதளச் சாலையில் சுமாரான வேகத்தில் மிதித்துக்கொண்டே, முதுகை அதே சாய்வில் வைத்து, கைகளை பிரேக் ஹூடிலிருந்து (பிரேக் லீவரின் ரப்பர் பிடி) ஒரு விரற்கடை மட்டும் தூக்கிப் பாருங்கள். ஒரு நொடி தாங்க முடிந்தால் எடை ஓரளவு சரியாக இருக்கிறது. உடனே முன்னால் விழப்போனால் சீட்டு முன்னால் இருக்கிறது, அல்லது மூக்கு சாய்ந்திருக்கிறது. கையை முழுசாக விட்டுவிடாதீர்கள், ஈசிஆரில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

இன்னொன்று. சீட் போஸ்ட் நுழையும் பிரேம் குழாயான சீட் டியூப் நேர்செங்குத்தாக இல்லை, ஏறக்குறைய 73 டிகிரி சாய்வு. அதனால் சீட்டை 3 செ.மீ. ஏற்றினால் அது தானாகவே கிட்டத்தட்ட 9 மி.மீ. பின்னால் போகும். சீட்டை 1 செ.மீ. முன்னால் தள்ளினால் காலுக்கு அது சுமார் 3 மி.மீ. இறக்கிய மாதிரி ஆகிவிடும். ஏற்கெனவே தாழ்ந்த சீட்டை முன்னால் தள்ளி இன்னும் தாழ்த்தியிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
இவ்வளவு பேச்சு எதற்கு? கவட்டையிலிருந்து தரை வரை உள்ள அளவை 0.883-ஆல் பெருக்குங்கள். கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த உயரம். டூர் டி பிரான்ஸ் சாம்பியன் பெர்னார் இனோவை வளர்த்த பயிற்சியாளர் சிரில் கிமார் பயன்படுத்திய கணக்கு இது, இன்னொரு சாம்பியன் கிரெக் லெமாண்ட் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. வேறு எதுவும் தேவையில்லை.

அளப்பது எப்படி என்றால், செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று, கெட்டி அட்டை போட்ட புத்தகத்தைக் காலிடுக்கில் வைத்து, சீட்டில் உட்காரும்போது அழுந்தும் அளவுக்கு மேலே அழுத்துங்கள். புத்தகத்தின் மேல் ஓரத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். இஞ்ச் டேப் வைத்துத் தரையிலிருந்து அளந்துவிடுங்கள்.

தாம்பரம்_எக்ஸ்பிரஸ்:
அளந்தேன். 76 செ.மீ. பெருக்கினால் 67.1 வருகிறது. இப்போது என் சீட்டு 64-இல் இருக்கிறது!

ஸ்போக்கு:
3 செ.மீ. தாழ்வு என்றால் முட்டி கத்தத்தான் செய்யும். ஆனால் கணக்குப்பிள்ளை சார், அந்த 0.883-க்கு கிராங்கின் நீளம் தெரியாது. ஒருவர் 165 மி.மீ. கிராங்கும் இன்னொருவர் 175-உம் வைத்திருந்தால், அதே சீட் உயரத்தில் ஒருவருடைய பாதம் மற்றவரைவிட 1 செ.மீ. கீழே போகிறது. ஷூவின் அடித்தட்டு எவ்வளவு தடிமன், பாதம் எவ்வளவு நீளம், குதிகாலைத் தூக்கி மிதிக்கிறவரா இறக்கி மிதிக்கிறவரா, எதுவும் அதற்குத் தெரியாது. தொடங்குவதற்கு நல்ல எண், அவ்வளவுதான். அங்கிருந்து முட்டியின் கோணத்தைப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் முழுசாக நீண்டிருப்பதைப் பூஜ்யம் என்று வைத்தால், முட்டி 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும்.

எண்ணே வேண்டாம் என்றால் குதிகால் முறை. குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை கொண்டுபோனால் கால் நேராகிவிடவேண்டும், இடுப்பு ஒரு பக்கமாகச் சரியக்கூடாது. அப்புறம் முன்பாதத்தை வைத்து மிதித்தால் தேவையான மடக்கம் தானாக வந்துவிடும்.

தம்பி, 3 செ.மீ.யையும் ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். தசையும் நாரும் பழைய நீளத்துக்குப் பழகியிருக்கும். அரை சென்டிமீட்டர் ஏற்றுங்கள், இரண்டு மூன்று ரைடு போங்கள், அப்புறம் அடுத்த அரை. மாற்றுவதற்கு முன் சீட் போஸ்ட்டில் பழைய உயரத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள், திரும்பிப் போகவேண்டியிருந்தால் தேடவேண்டாம். போஸ்ட்டில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியக்கூடாது. சீட்டின் மேல் ஒரு நேரான பலகையைப் போட்டு, அதன் மேல் ரசமட்டம் வைத்து மட்டமாக்குங்கள். கொத்தனாரிடம் கடன் வாங்கவேண்டாம், மொபைலிலேயே இருக்கிறது.

சிக்னல் பயத்துக்கு: நிற்கும்போது சீட்டில் உட்கார்ந்தபடியே காலை ஊன்றக்கூடாது. பிரேக் பிடித்துக்கொண்டே சீட்டை விட்டு முன்னால் இறங்கி, பிரேமின் மேல் பார் இரண்டு காலுக்கும் நடுவே இருக்கும்படி நின்று, ஒரு காலை மட்டும் ஊன்றுங்கள். கிளம்பும்போது ஒரு பெடலை முன்பக்கம் சற்று மேலே வைத்து அதன்மேல் ஏறி நின்றால், வண்டி நகரும்போதே சீட்டுக்கு வந்துவிடலாம். பக்கத்துத் தெருவில் ஒரு காலைநேரம் பழகினால் வந்துவிடும்.

சக்கரம்79:
அப்படியென்றால் எங்கள் அப்பாவுக்கு ஏன் கை மரக்கவில்லை? அதற்குப் பதில் சொல்லுங்கள் முதலில்.

ஸ்போக்கு:
நல்ல கேள்விதான் அண்ணே. அவர் ஓட்டிய வண்டியில் ஹேண்டில்பார் சீட்டைவிட உயரம், பிடி ஓட்டுகிறவர் பக்கமாக வளைந்து வரும். முதுகு நிமிர்ந்திருக்கும். எடை அத்தனையும் ஸ்பிரிங் வைத்த அகலமான தோல் சீட்டில். கை வண்டியைத் திருப்ப மட்டும்தான். ரோடு பைக்கில் இடுப்பை மடக்கிக் குனிகிறோம், எடையில் ஒரு பங்கு கைக்கு வருகிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்பதுதான் இந்த இழையே. அந்த வண்டி அவர் வேலைக்குப் பொருந்தியது. தம்பியின் வண்டி அவர் வேலைக்கு இன்னும் பொருந்தவில்லை.

சிட்டுக்குருவி_153:
உயரத்தைப் பெயரிலேயே போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். "உடம்பு பழகிவிடும்" என்பதை உயரமானவர்கள் மட்டும்தான் சொல்கிறார்கள்.

எனக்குக் கிடைத்த மிகச் சிறிய பிரேமிலும் பெரிய பிரேமில் வரும் அதே 700சி அளவு சக்கரம்தான். சின்ன பிரேமில் பெரிய சக்கரத்தைத் திணித்தால், திரும்பும்போது ஷூவின் நுனி முன்சக்கரத்தில் இடிக்கும். சந்தில் மெதுவாக வளைக்கும்போது ஒருமுறை தட்டினால்தான் அதன் அருமை புரியும். கிராங்க் 170 வைத்துக் கொடுக்கிறார்கள், என் காலுக்கு அது நீளம். பிரேக் லீவர் என் விரலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. ஹூடுக்கு உள்ளே ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருகினால் லீவர் கிட்டே வரும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, நானே கம்பெனிக் கையேட்டில் பார்த்தேன். இறக்கத்தில் பிரேக் பிடிக்க முடிகிறதா என்பதும் ஃபிட்டிங்தான்.

சீட்டின் அகலமும் முக்கியம். உட்காரும் எலும்புகள் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறு, உடம்பின் பருமனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நெளிவுள்ள பார்சல் அட்டையைப் படிக்கட்டில் போட்டு, காலைக் கொஞ்சம் தூக்கிக் குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழும். அந்தக் குழிகளின் நடுவை அளந்தால் எந்த அகலம் என்று தெரிந்துவிடும். மெத்தென்ற சீட் கவர் வாங்கியதைத் தூக்கிப் போடுங்கள். எலும்பு அதில் அமிழ்ந்து, அழுத்தம் நடுவில் இருக்கும் மென்மையான இடத்துக்குப் போய்விடும்.

சக்கரம்79:
கவர் மேட்டரில் நீ சொல்வது சரிதான்மா. என் வண்டியிலிருந்தும் கழற்றிவிடுகிறேன். ஆனால் புதுக்கோட்டையில் அறிவொளி (எழுத்தறிவு) இயக்கத்தின்போது அத்தனை பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளில்தானே ஓட்டினார்கள்?

சிட்டுக்குருவி_153:
ஓட்டினார்கள் அண்ணா. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று ஜென்ட்ஸ் வண்டியையே விரும்பியவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய தேவைக்கு அது பொருந்தியது, எட்டாததை அவர்கள் சமாளித்தார்கள். சமாளித்ததைப் பாராட்டலாம், அதையே அளவுகோலாக வைக்காதீர்கள்.

தூக்குக்குண்டு:
யாரும் முட்டிக்கும் பெடலுக்கும் உள்ள நேர்க்கோட்டைச் சொல்லவில்லையே. கிராங்கை மட்டமாக வைத்து, முன்காலின் முட்டிக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து நூலில் குண்டைத் தொங்கவிட்டால் அது பெடல் அச்சின் மேல் விழவேண்டும். சீட்டின் முன்பின் நிலைக்கு இதுதான் சட்டம்.

ஸ்போக்கு:
சட்டம் என்று சொல்லாதீர்கள். சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் பல வருடங்களுக்கு முன்பே இதைப் பிரித்து மேய்ந்துவிட்டார். புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதற்கும் முட்டி எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. படுத்துக்கொண்டு ஓட்டும் சைக்கிளில் முட்டி பெடலுக்கு மேலே வருவதே கிடையாது, அவர்களும் நன்றாகத்தான் மிதிக்கிறார்கள். சீட்டை முன்பின் நகர்த்துவதில் முக்கியமாக மாறுவது எடை எங்கே விழுகிறது என்பது.

தூக்குக்குண்டு:
எங்கள் கிளப்பில் நூல் வைத்துப் பார்த்துத்தான் எல்லாரும் ஓட்டுகிறோம், யாருக்கும் பிரச்சினை இல்லை.

ஸ்போக்கு:
இருக்காது. சராசரி உடம்புக்கு அந்தக் கோடு ஏறக்குறைய நல்ல இடத்தில்தான் விழும். தொடை எலும்பு நீளமானவர்கள் வரும்போதுதான் சண்டை ஆரம்பிக்கும். தம்பிக்கு நூல் வைத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை, அதற்காகக் கையில் எடையை வாங்கிக்கொள்ளக்கூடாது என்கிறேன்.

தாம்பரம்_எக்ஸ்பிரஸ்:
அப்டேட். சீட்டை மட்டமாக்கினேன், கடையில் தள்ளியதைப் பின்னால் இழுத்தேன், உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இப்போது 66.5-இல் நிறுத்தியிருக்கிறேன். 67-க்குப் போனால் இடுப்பு லேசாக ஆடுவது வீடியோவில் தெரிந்தது. முட்டி வலி கிட்டத்தட்டப் போய்விட்டது. சின்ன கியரில் வேகமாகச் சுற்றவும் பழகுகிறேன். கையும் பரவாயில்லை, கோவளம் தாண்டித்தான் மரக்கிறது. ஆனால் எதிர்பார்த்தபடி ஹேண்டில்பார் இப்போது தூரமாகிவிட்டது. முழங்கை நேராக நீண்டு பூட்டிக்கொள்கிறது, கழுத்து வலிக்கிறது. ஹேண்டில்பாரை முன்னால் தாங்கிப் பிடிக்கும் ஸ்டெம் 100 மி.மீ. நீளம். என்ன செய்யலாம்?

ஸ்போக்கு:
இப்போதுதான் ஹேண்டில்பாருக்கு வேலை வருகிறது. 80 மி.மீ. ஸ்டெம் வாங்குங்கள். உங்கள் ஹேண்டில்பாரின் நடுப்பகுதி 31.8 மி.மீ. தடிமனா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இன்று பெரும்பாலும் அதுதான். ஹேண்டில்பாருக்குள்ளேயே ஒயர் ஓடும், ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும் ஒன்றாகச் சேர்ந்த மாடல் இல்லையே? அப்படி என்றால் ஸ்டெம் மாற்றுவதே பெரிய செலவு. புது பைக் வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்டெம்முக்கு அடியில் வளையங்கள் இருந்தால் அவற்றை எடுத்துவிடாதீர்கள். எடுத்துவிட்டு, மேலே மிஞ்சும் ஃபோர்க்கின் குழாயை ஒருமுறை வெட்டிவிட்டால் உயரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மாட்டும்போது மேல்மூடி போல்ட்டை முதலில் ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் முறுக்கி, சக்கரத்துக்கு நேராக்கி, அப்புறம் பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஸ்டெம் மேல் எழுதியிருக்கும் நியூட்டன் மீட்டரைத் தாண்டாதீர்கள், பெரும்பாலும் 5-தான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
66.5 என்றால் என் கணக்குக்கு 6 மி.மீ. குறைவு. மோசமில்லை. காசு கொடுத்து ஃபிட்டிங் போகலாமா என்று யாராவது சொல்லுங்கள், நானே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்து 600 கி.மீ. ப்ரெவெ (குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர ரைடு) போகவேண்டும்.

மதுரை_பிசியோ:
40 மணி நேரத்தில் 600 கி.மீ. முடிக்கவேண்டியவருக்குச் செலவு நியாயம்தான். 200-இல் தெரியாத சின்னக் குறை 400-க்கு மேல் பெரிதாகும். ஆனால் ஃபிட் செய்கிறவர் உங்களை சைக்கிளில் ஏற்றுவதற்கு முன் கட்டிலில் படுக்கவைத்து இடுப்பு, தொடைத் தசை, கால் நீள வித்தியாசம் எல்லாம் பார்க்கிறாரா என்று கேளுங்கள். நேராகக் கேமராவைப் போட்டு எண்ணைச் சொல்பவரிடம் போவதற்கு வீட்டு வீடியோவே போதும்.

அப்புறம், ஒருமுறை பார்த்துவிட்டால் ஆயுளுக்கும் அதே அளவு என்று இருக்காதீர்கள். பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 1969 செப்டம்பரில் பிரான்சின் புளுவா டிராக்கில் விழுந்து இடுப்பில் அடிபட்டார். அதற்குப் பிறகு தன் நிலை சரியாக இல்லை என்று சீட்டை மாற்றிக்கொண்டே இருந்தார், ரேஸின் நடுவிலேயேகூட ஸ்பேனரை எடுத்தார். அடி, வயது, எடை, புது ஷூ எது மாறினாலும் திரும்பப் பார்க்கவேண்டும்.

சிட்டுக்குருவி_153:
கிராங்க் பற்றியும் கேளுங்கள் சார். 176 செ.மீ. உயரமுள்ள டூர் டி பிரான்ஸ் சாம்பியன் பொகாச்சரே 2024-இல் 165 மி.மீ. கிராங்குக்கு இறங்கினார். எனக்கு 170 கொடுத்த கடைக்காரரிடம் அதைச் சொன்னேன், "அவர் கேஸ் வேற மேடம்" என்றார்!

தாம்பரம்_எக்ஸ்பிரஸ்:
80 ஸ்டெம் மாட்டியாயிற்று. முழங்கை லேசாக மடங்கி நிற்கிறது. மாமல்லபுரம் போய்த் திரும்பினேன், விரல் மரக்கவில்லை. வண்டி கொஞ்சம் துறுதுறுவென்று திரும்புகிறது, இரண்டு ரைடில் பழகிவிட்டது. 54-ஐ விற்கவில்லை. 52 எடுத்திருந்தால் இன்னும் சுலபமாக வந்திருக்கும் என்று தோன்றுகிறது, ஆனாலும் இது ஓடுகிறது. இப்போது கிளீட் ஷூ வாங்கலாமா என்று யோசிக்கிறேன். சீட்டைத் திரும்ப மாற்றவேண்டியிருக்குமா?

மதுரை_பிசியோ:
சில மில்லிமீட்டர் மாறலாம், அடித்தட்டின் உயரத்தைப் பொறுத்தது. பழைய ஷூவோடும் புது ஷூவோடும் ஒரே கேமரா இடத்திலிருந்து வீடியோ எடுத்து முட்டி மடக்கத்தை ஒப்பிடுங்கள். கிளீட்டைப் பெருவிரல் மூட்டுக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ வையுங்கள். மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே கிளீட்டும் பார்க்கட்டும். முதல் தடவை அசைவுக்கு இடம் கொடுக்கும் வகையை வாங்குங்கள், பாதத்தைப் பூட்டிவைக்கும் வகை வேண்டாம்.

சக்கரம்79:
அந்த ஷூவோடு சிக்னலில் நிற்பதற்கு முன் ஒரு காலைக் கழற்றப் பழகிக்கொள் தம்பி. போரூரில் ஒருத்தர் அப்படியே சாய்ந்ததை நேரில் பார்த்தேன்.